வெள்ளைச்சியும் என் புதுநன்மைச் சட்டையும்

போன கிழமை வேலையிடத்தில் ஒரு கூட்டத்தின் நடுவே இருந்தபோது அப்பா என் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினார். பிறகு இன்னொன்று. பிறகு அதே படத்தை இன்னும் கொஞ்சம் பெருப்பித்து. மூன்றிலும் ஒரே வெள்ளை விமானம்தான், ஒரு கொட்டகைக்குள், ஒரு சிறகு நிலத்தில் சாய்ந்தபடி. கீழே ஒரு வரி: ‘வெள்ளைச்சியை விக்கினமாம். ஞாபகம் இருக்கா?’

ஞாபகம் இருக்காவாம். என் சிறுவயதின் சனி ஞாயிறுகளைத் தின்று தீர்த்த சாமானை நான் எப்படி மறப்பேன்? மற்றப் பிள்ளைகளின் தகப்பன்மார் சனிக்கிழமைகளில் புல் வெட்டினார்கள், கிரிக்கெட் பார்த்தார்கள், ஆகக் கூடினால் பின்வளவில் இறைச்சி சுட்டார்கள். என் அப்பாவிடம் மட்டும் இயந்திரமே இல்லாத ஒரு விமானத்தில் பாதி இருந்தது. பாதி என்றால் எந்தப் பாதி என்று பள்ளிக்கூடத்தில் கேட்பார்கள். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அப்பாவிடம் கேட்டால் அவர் காற்றைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார் என்பதால் அவரிடமும் கேட்கவில்லை.

எங்கள் வீடு நகரத்தின் மேற்குக் கோடியில், மாசி என்கிற இடத்தில். அப்பா வேலை செய்தது நகரத்தின் மறுகோடியில், ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு படகுப் பட்டறையில். யாழ்ப்பாணத்தில் இளந்தாரியாக இருந்தபோது ஃபைபர் வள்ளம் செய்து பழகிய கை அவருடையது. எனக்கு நான்கு வயதாக இருந்தபோது, நீண்ட தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர் உடைந்த சிறகு ஒன்றைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, இதைச் சரிசெய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறார். ஏதோ நூதனமான படகின் துண்டு என்றுதான் அப்பா முதலில் நினைத்தாராம். அனுமதி பெற்ற பரிசோதகர் ஒருவர் வந்து வந்து பார்த்துக் கையெழுத்து வைக்க, அப்பா மூன்று மாதம் மினைக்கெட்டு அந்தச் சிறகை ஒட்டு எங்கே என்று தெரியாதபடி செய்து கொடுத்தார். தாடிக்காரர் மகிழ்ந்துபோய் அப்பாவைத் தன்னுடைய கழகத்துக்குக் கூட்டிப்போய், இரண்டு பேர் இருக்கக்கூடிய கிளைடர் ஒன்றில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். அன்றோடு எங்கள் குடும்பத்தின் வார இறுதிகள் முடிந்தன. இரண்டு வருடத்தில் அப்பா தனியே பறக்கப் பழகி, தாடிக்காரரின் கிளைடரில் பாதிக்குச் சொந்தக்காரராகவும் ஆகிவிட்டார்.

கிளைடர் என்றால் என்னவென்று தெரியாத பாக்கியசாலிகளுக்காகச் சொல்கிறேன். அதற்கு இயந்திரம் கிடையாது. இன்னொரு சின்ன விமானம் கயிறு கட்டி மேலே இழுத்துப்போய் விட்டுவிடும். பிறகு சூடாகி மேலெழும் காற்றைத் தேடிப் பிடித்து, அதற்குள் வட்டமடித்து உயர்ந்து, அடுத்த சூட்டுக் காற்றைத் தேடிப் போகவேண்டும். போட்டி என்றால், குறித்துக் கொடுத்த ஊர்களைச் சுற்றிக்கொண்டு யார் விரைவாகத் திரும்பி வருகிறார்கள் என்பது. காற்றுக் கிடைக்காவிட்டால் கண்ணில் படும் ஏதாவதொரு மாட்டுப் புல்வெளியில் இறங்கவேண்டியதுதான். அப்போது குடும்பத்தவர்கள் ஒன்பது மீற்றர் நீள ட்ரெய்லரைக் காரில் கொளுவிக்கொண்டு தேடிப்போய், கிளைடரைக் கழற்றி அதற்குள் வைத்து இழுத்துவரவேண்டும். இதைத்தான் இவர்கள் விளையாட்டு என்று சொல்கிறார்கள்.

எங்களுடைய கிளைடர் சாதாரணமானது அல்ல என்று ஆயிரம் தடவை எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அப்பா அரைக்காற்சட்டையோடு திரிந்த காலத்தில் ஜெர்மனியில் செய்தது. அதன் காலத்தில் போட்டிகளில் வென்றவர்கள் எல்லாம் அந்த வகைக் கிளைடரில்தான் வென்றார்களாம். தாடிக்காரர் அது புதிதாக வந்திறங்கிய வருடமே நாட்டுப் போட்டியில் பறந்து இரண்டாவதாக வந்தவர். அந்த ஒரு பறப்பை மட்டும் முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். பறப்பவர்களுக்குக் கை இல்லாமல் வாய் வேலை செய்யாது. வலது கை அவர், இடது கை எதிராளி. இரண்டு கைகளும் மெல்லச் சாய்ந்து சாய்ந்து வட்டமடிக்கும், தேத்தண்ணி ஆறிப்போகும். மற்றவர்கள் கார்பன் இழையில் செய்த புதுக் கிளைடர்களோடு வருவார்கள். ஆனாலும் வந்ததும் நேரே எங்களுடையதிடம் வந்து, மூக்கைத் தடவிப் பார்த்து, எழுபதுகளில் எப்படி இருந்தது தெரியுமா என்று பெருமூச்சு விடுவார்கள். எழுபதுகள் என்பது ஏதோ ஒரு நாடு என்றும், இவர்கள் எல்லோரும் அங்கிருந்து துரத்தப்பட்டவர்கள் என்றும் நான் நினைத்திருந்தேன்.

வெள்ளைச்சி என்று பெயர் வைத்தவர் அம்மா. ஊரில் அவர்கள் வீட்டில் நின்ற பசுவின் பெயராம். அன்பில் வைத்த பெயர் என்று யாரும் தவறாக எண்ணவேண்டாம். அந்தப் பசுவும் சொன்ன நேரத்துக்கு வீடு வந்து சேராதாம்.

அம்மாவும் எங்களோடு கிளைடர்த் திடலுக்கு வருவார். வந்தால் ஒரு வேடிக்கை செய்வார். இழுக்கிற விமானத்தின் இயந்திரம் உறுமத் தொடங்கியதும் காருக்குள் ஏறி, நான்கு கண்ணாடிகளையும் இறுக்கி மூடி, தேவகீதக் கசெற்றைப் பெரிய சத்தமாகப் போட்டுக்கொண்டு மடியைப் பார்த்தபடி இருப்பார். அந்த விமானம் போய்த் திரும்பி வந்து இயந்திரம் நின்ற பிறகுதான் கதவைத் திறப்பார். இது அப்பாவுக்கு எதிராக அம்மா நடத்தும் போராட்டம் என்று நான் நினைத்தேன். எனக்கும் அப்பாவில் கோபம் இருந்ததால் சில நாட்களில் நானும் அவரோடு ஏறி இருந்திருக்கிறேன். வெய்யிலில் கார் வெந்துபோகும். அம்மா கண்ணாடியை ஒரு விரல் கூட இறக்கமாட்டார்.

ஆனால் அப்பா பறக்கமுன் ஒரு காரியத்தை மட்டும் தவறாமல் செய்வார். அம்மாவின் ஊரில் புது வள்ளத்தைக் கடலில் இறக்கும்போது சுவாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பது வழக்கம். இங்கே அதற்கெல்லாம் சுவாமியாரைப் பிடிக்க முடியாது. அதனால் அம்மாவே மாதா உருவத்தில் செய்த ஒரு பிளாஸ்டிக் போத்தலைக் கைப்பையில் வைத்திருப்பார். மாதாவின் நீலக் கிரீடத்தைத் திருகிக் கழற்றினால் உள்ளே தீர்த்தம். பெருவிரலில் மூன்று சொட்டு எடுத்து வெள்ளைச்சியின் மூக்கில் சிலுவை போடுவார். தாடிக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு மரியாதையாக நிற்பார். அப்பா மணிக்கூட்டைப் பார்ப்பார்.

எனக்கு எட்டு வயதானபோது, கத்தோலிக்கப் பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்குகிற புதுநன்மை வந்தது. மாதத்தில் ஒருமுறை, ஹில்ஸ்பரோவுக்குப் பக்கத்தில் ஒரு கோவிலில் ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் தமிழ்ப் பூசை நடக்கும். அந்த வருடம் நாங்கள் ஐந்து பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையையும் தாயும் தகப்பனும் இரண்டு பக்கமும் நின்று பீடத்துக்குக் கூட்டிப்போகவேண்டும் என்று மறைக்கல்வி ரீச்சர் பலமுறை சொல்லிவிட்டார். எனக்குச் சட்டை யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தது. பெரியம்மா தைத்து, இங்கே வருகிற யாரிடமோ கொடுத்து அனுப்பியது. வெள்ளைச் சட்டை, கழுத்தில் இருந்து இடுப்பு வரை முத்துப் பொத்தான், முக்காடு, கையுறை. நான் அதை அலுமாரியில் தொங்கவிட்டு ஒவ்வொரு இரவும் பொத்தான்களை எண்ணிவிட்டுத்தான் படுத்தேன். பதினொன்று.

அதே ஞாயிற்றுக்கிழமைதான் நகரத்துக்குத் தெற்கே வைக்காட்டோப் பக்கம் நடந்த ஒரு கிழமைப் போட்டியின் கடைசி நாள். அப்பா மூன்றாம் இடத்தில் இருந்தார். அவருக்கு முன்னால் நின்ற இரண்டு பேரும் புதுக் கிளைடர்காரர். அந்த வருடம் தாடிக்காரரின் இதயத்தைப் பார்த்துவிட்டு வைத்தியர் இனிப் பறக்கவே கூடாது என்று சொல்லியிருந்தார். வெள்ளைச்சி இன்னும் ஒருதடவை மேடையேறுவதைப் பார்த்துவிட்டால் போதும் என்று அவர் அப்பாவிடம் சொன்னாராம். எட்டு வயதுப் பிள்ளை போட்டிபோட வேண்டியிருந்தது இப்படிப்பட்ட ஆட்களோடு.

“சின்னப் பறப்புத்தான். ரெண்டு மணிக்கு இறங்கிடுவன், நாலு மணிக்குக் கோவிலடியிலை நிப்பம். யோசிக்காதையும்” என்றார் அப்பா.

“உங்கட ரெண்டு மணியை நான் நாலு வருசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன்” என்றார் அம்மா.

கடைசியில் அம்மா ஒரு முடிவெடுத்தார். எல்லோரும் திடலுக்குப் போவது, அப்பா இறங்கியதும் கையோடு பிடித்து ஏற்றிக்கொண்டு நேரே கோவிலுக்குப் போவது. காலையிலேயே அம்மா கூறைச்சேலையை உடுத்திக்கொண்டார். என் சட்டை பிளாஸ்டிக் உறைக்குள் காரில் தொங்கியது. பூசைக்குப் பிறகு மண்டபத்தில் கொடுப்பதற்கான ரோல்ஸ் பெரிய தட்டுகளில் பின்னிருக்கையை நிறைத்திருந்தது. நான் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் கை காலை அசைக்காமல் போனேன்.

திடலில் அம்மா வழக்கம்போல மூன்று சொட்டில் சிலுவை போட்டுவிட்டு, போத்தலை என் கையில் தந்து காருக்குள் போய்விட்டார். அப்பாவும் தாடிக்காரரும் தள்ளி நின்று வானத்தைப் பார்த்துக் கைகளால் கதைத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைச்சிக்குப் பக்கத்தில் நான் மட்டும். எனக்கு ஒரே ஒரு கவலைதான். அப்பா இரண்டு மணிக்குத் திரும்பி வராவிட்டால் மற்றப் பிள்ளைகள் எல்லாம் இரண்டு பக்கமும் ஆட்களோடு நடக்க, நான் ஒரு பக்கம் வெறுமையாக நடக்கவேண்டும். சாதாரண நாளுக்கே மூன்று சொட்டு. இன்று இருந்த நிலைமைக்கு மூன்று சொட்டு எந்த மூலைக்குக் காணும்? அதுவும் வெளித்தோலில் பூசினால் உள்ளே எப்படிப் போகும்? அப்போதுதான் அதன் மூக்கு நுனியில் இருந்த சின்னத் துளையைக் கண்டேன். மாதாவின் கழுத்து அதற்குள் அளவாகப் பொருந்தியது. இரண்டு கையாலும் போத்தலை நசுக்கினேன். வெள்ளைச்சி கடைசிச் சொட்டு வரை குடித்தது. எனக்கு மனம் ஆறியது.

அந்தத் துளை விமானம் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைக் காற்றழுத்தத்தால் அளக்கும் குழாயின் வாய் என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. நான்கு வருடமாக எழுபதுகளைப் பற்றிச் சொன்னவர்கள் இதை ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

பதினொன்றரைக்கு அப்பா ஏறினார். ஒரு மணிக்குத் தாடிக்காரரின் கைப்பேசி அடித்தது. அவர் கேட்டுக் கேட்டு உள்ளங்கையில் ஏதோ எழுதினார். பிறகு கார்க் கண்ணாடியைத் தட்டி, மிகவும் தாழ்மையான குரலில், உங்கள் கணவர் ஒரு பால்பண்ணையில் பத்திரமாக இறங்கிவிட்டார் என்றார். எங்கே என்று அம்மா கேட்டார். தெற்கே ஒரு மணி நேரம் என்றார். அதாவது கோவிலுக்கு நேர் எதிர்ப்பக்கம்.

ட்ரெய்லர் கொளுவுகிற கொக்கி எங்கள் காரில்தான் இருந்தது. தாடிக்காரர் சாவியைக் கேட்டுக் கை நீட்டினார். அம்மா கொடுக்கவில்லை. அதுவரை ஒரு சைக்கிள் வண்டியைக் கூட இழுத்தறியாத அம்மா, கூறைச்சேலையோடு, பின்னால் ஒன்பது மீற்றர் பெட்டியை இழுத்துக்கொண்டு மலைச் சரிவுகளில் ஏறி இறங்கினார். தாடிக்காரர் மடியில் வரைபடத்தை விரித்து வழி சொன்னார், இடையிடையே நாட்டுப் போட்டியில் தான் இரண்டாவதாக வந்ததையும் சொன்னார். ஏழு ரோல்ஸ் சாப்பிட்டார். நான் எண்ணினேன். நேரத்தை மிச்சப்படுத்த ஓடுகிற காரிலேயே சட்டையை மாற்றும்படி அம்மா சொன்னார். தட்டுகளுக்கு நடுவில் நெளிந்து நெளிந்து, முக்காடும் கையுறையும் உட்பட எல்லாவற்றையும் போட்டு முடித்தேன்.

புல்வெளியில் முப்பது நாற்பது மாடுகள் வெள்ளைச்சியைச் சுற்றி நின்று நக்கிக்கொண்டிருந்தன. அப்பா தொப்பியால் அவற்றைத் துரத்திக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அவர் வாயில் வந்த முதல் சொல், “இன்னும் நேரம் கிடக்கு” என்பதுதான். அம்மா நேரே ட்ரெய்லரின் கதவைத் திறக்கப் போனார். வாய் திறந்திருந்தால் என்ன வந்திருக்கும் என்பதை இன்றைக்கும் என்னால் ஊகிக்க முடியும்.

வேகம் காட்டுகிற கருவி இடையில் செத்துப்போய்விட்டது என்று அப்பா தாடிக்காரருக்கு விளக்கினார். திரும்பப் பார்த்திருக்கிறார், உயரம் போதவில்லை. காற்று உடம்பில் உரசுகிற சத்தத்தைக் கேட்டுக் கேட்டு வேகத்தை மட்டுக்கட்டி இறக்கினாராம். பிறகு உள்ளேயிருந்த குழாயைக் கழற்றி ஊதினார். மூக்கில் இருந்து தண்ணீர் வடிந்தது. இராத்திரிப் பனியாக இருக்கும் என்றார் தாடிக்காரர், முகம் வாடிப்போய். மூன்றாம் இடம் போய்விட்டது என்பது அவருக்கு அந்தத் தண்ணீரைப் பார்த்தபோதுதான் உறைத்திருக்கவேண்டும்.

ஒட்டுநாடா எடுக்கக் காருக்கு வந்த அப்பா, இருக்கையில் கிரீடமில்லாமல் கிடந்த மாதாவைக் கண்டார். எடுத்துக் குலுக்கிப் பார்த்தார்.

“எவ்வளவு ஊத்தினனி?”

முழுக்க என்றேன். எங்கே என்று கேட்டார். நான் என் மூக்கைத் தொட்டுக் காட்டினேன். அப்பா திரும்பித் தாடிக்காரரின் முதுகைப் பார்த்தார். பிறகு போத்தலைத் தன் காற்சட்டைப் பைக்குள் வைத்து, “அவருக்குச் சொல்லிப்போடாத” என்றார். முதல்நாள்தான் சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்திருந்தேன். அதற்குள் ஒரு புதுப் பாவமும், அதை மறைக்கிற பாவமும் சேர்ந்துவிட்டன. எனக்கு அழுகை வந்தது. இவை எல்லாமே வெள்ளைச்சியால் வந்த வினை என்று நினைத்தேன்.

கிளைடரைக் கழற்ற, பழகிய நாலு பேர் வேண்டும். எங்களிடம் இருந்தது அப்பா, பாரம் தூக்கக்கூடாத ஒரு கிழவர், சேலை உடுத்த அம்மா, பிறகு நான். சிறகின் அடிப்பக்கம் பாரம், அதை அப்பா பிடித்தார். நுனிப்பக்கத்தை யாராவது தாங்கவேண்டும். அதுவரை மூன்று சொட்டுத் தீர்த்தத்துக்கு மேல் வெள்ளைச்சியைத் தொட்டிராத அம்மா, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் நுனியைப் பிடித்தார். தாடிக்காரர் நடுவில் நின்று சிறகைப் பூட்டியிருந்த இரும்பு ஊசிகளை உருவினார். எனக்குத் தரப்பட்ட வேலை மாடுகளைத் துரத்துவது. முக்காடும் முத்துப் பொத்தானுமாக, கையில் ஒரு தடியோடு நான் மாடுகளுக்கு முன்னால் நின்றேன். முதலாவது சிறகு ட்ரெய்லருக்குள் போனது. அப்போது மூன்று மணி. இன்னும் கொஞ்ச நேரத்தில் வெளிக்கிட்டால் பிடித்துவிடலாம் என்று அப்பா சொன்னார், முதல்முறையாக நானும் அவரை நம்பினேன்.

இரண்டாவது சிறகைக் கழற்றி அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு முனையில் நின்றபோது, மலைக்கு அந்தப்பக்கம் இருந்து ஒரு விமானம் வந்தது. மேய்ச்சல் நிலங்களுக்கு உரம் தூவுகிற சின்ன விமானம். இந்த நாட்டுப் பண்ணைகளில் அது அன்றாடக் காட்சி. முகட்டை உரசுகிற மாதிரி எழும்பி, எங்கள் தலைக்கு மேலால் பதிந்து, பெரிய இரைச்சலோடு போனது.

அம்மா சிறகைக் கைவிட்டார். நான் அது புல்லில் விழுந்து துள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவின் கை என் கழுத்தைப் பிடித்தது. வேலியோரம் தண்ணீர் வடிய ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். என்னை இழுத்துப்போய் அதற்குள் குப்புறப் போட்டு, எனக்கு மேலே தானும் விழுந்தார். சேறும் சாணியும் வாய்க்குள் போயின. அம்மாவின் உடம்பு என்னை அழுத்திக்கொண்டிருந்தது. விமானம் தூரத்தில் ஒருமுறை திரும்பியது, பிறகு இரைச்சல் ஓய்ந்தது.

நான் தலையைத் திமிறி எடுத்துப் பார்த்தேன். அப்பா சிறகின் பாரத்தை மடியில் வாங்கிக்கொண்டு நிலத்தில் குந்தியிருந்தார், தலையைத் தோளுக்குள் இழுத்தபடி. தாடிக்காரர் ஒருவர்தான் நிமிர்ந்து நின்று விமானத்தைப் பார்த்துத் தொப்பியை ஆட்டிக்கொண்டிருந்தார். அவர் திரும்பி எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். அவரின் கை மெல்ல இறங்கியது.

என் சட்டையைக் குனிந்து பார்த்தேன். முன்பக்கம் முழுக்க மண்ணிறமும் பச்சையும். நான் இங்கிலிஷில் கத்தத் தொடங்கினேன். எல்லாவற்றையும் அம்மா பழுதாக்கிவிட்டார், அப்பாவைவிட அம்மாதான் மோசம், ஒரு சின்ன விமானத்துக்குப் பயந்த ஆள் உலகத்திலேயே அம்மா ஒருவர்தான் என்றெல்லாம் சொன்னேன். வேறு நாளென்றால் முதுகில் ஒன்று விழுந்திருக்கும். அம்மா வாய்க்காலுக்குள் இருந்தபடியே கூறைச்சேலைத் தலைப்பால் என் நெஞ்சைத் துடைத்துத் துடைத்து, “ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை” என்றார். சட்டையைப் பற்றித்தான் சொல்கிறார் என்று எனக்கு இன்னும் ஆத்திரமாக வந்தது. கண்ணுக்கு முன்னால் இவ்வளவு ஊத்தை இருக்க ஒன்றுமில்லை என்கிறாரே.

மிச்ச வேலையை முடித்தார்கள். சிறகின் நுனியில் ஒரு கீறல் விழுந்திருந்தது. தாடிக்காரர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு ட்ரெய்லரின் கதவை மூடினார். திரும்பும்போது எழுபதுகளைப் பற்றிக் கதைக்கவில்லை. பின்னிருக்கையில் எனக்குப் பக்கத்தில், ரோல்ஸ் தட்டை மடியில் ஏந்திக்கொண்டு வந்தார். நகரத்துக்கு வருகிற வழியில், பொம்பே என்கிற மலைச் சரிவில் வழமையான ஞாயிறு நெரிசல். ஐந்து இருபதுக்கு, ட்ரெய்லரோடு கோவில் வளவுக்குள் நுழைந்து, பதினைந்து கார்களின் வழியை அடைத்துக்கொண்டு நின்றோம்.

சுவாமியார் பிரசங்கத்தில் இருந்தார். நாங்கள் உள்ளே போனதும் அவர் சொல்ல வந்ததை மறந்து நின்றார். நான்கு பிள்ளைகள் பால்வெள்ளையாக முன்வாங்கில் இருந்தார்கள். நான் மாட்டுப் பண்ணை மணத்தோடு அவர்களுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். பீடத்துக்குப் போகும்போது ஒரு பக்கம் அரைக்காற்சட்டையும் சேற்றுச் சப்பாத்துமாக அப்பா, மறுபக்கம் முழங்கால் வரை நனைந்த கூறைச்சேலையும் கொண்டையில் புல்லுமாக அம்மா. இரண்டு பக்கமும் ஆள் இருந்தது. கடைசி வாங்கில் தாடிக்காரர் தொப்பியை நெஞ்சில் பிடித்தபடி நின்றார். அந்தக் கோலத்தில் எடுத்த படம் இன்றைக்கும் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

தாடிக்காரர் அது இராத்திரிப் பனி என்று நம்பியபடியே சில வருடங்களுக்குப் பிறகு காலமானார். வெள்ளைச்சியையும் விற்றார்கள். அந்த நாளின் கதை மட்டும் என்னிடம் தங்கியது. பல்கலைக்கழகத்தில் சொன்னேன், வேலையிடத்தில் சொன்னேன், என் கலியாணத்தன்று ஒலிவாங்கியைப் பிடித்தும் சொன்னேன். உரம் தூவ வந்த விமானத்துக்குப் பயந்து பெற்ற பிள்ளையைச் சாணிக்குள் அமுக்கிய தாய் என்று சொல்லும் இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் தேத்தண்ணி போட என்று எழும்பிப் போய்விடுவார். கலியாண மண்டபத்தில் தேத்தண்ணி போட இடமில்லாததால் வெளியே போய் நின்றார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

போன கிழமை அந்தப் படங்கள் வந்த அன்று மாலை மாசி வீட்டுக்குப் போனேன், அப்பா அதைத் திரும்ப வாங்கிவிடாமல் தடுப்பதற்காக. அறுபது தாண்டிவிட்டது, முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தாயிற்று, இனியும் இந்த ஆட்டமா? அப்பா சும்மா பார்த்துவிட்டு வருவோம் என்றார். பார்க்கப் போகிறவர் எதற்காக என் காரில் இழுவைக் கொக்கி இருக்கிறதா என்று கேட்கவேண்டும்? உதவிக்கு அம்மாவைப் பார்த்தேன். அவர் மேசையில் பயிற்றங்காய் முறித்துக்கொண்டே, சனிக்கிழமை தானும் வருவதாகச் சொன்னார்.

எனக்குப் பொறுக்கவில்லை. விமானம் என்றால் காருக்குள் ஓடி ஒளிகிற நீங்கள் இந்த மனிசனை முதல்நாளே ஏன் தடுக்கவில்லை என்று கேட்டேன்.

“சத்தமில்லாத பிளேன் ஒண்டு இருக்கெண்டு வந்து சொன்னார்” என்றார் அம்மா. “நான் நம்பேல்லை. போய்ப் பாத்தன். தலைக்கு மேலாலைதான் போச்சுது, எனக்குக் கேக்கவேயில்லை. அப்ப பறக்கட்டும் எண்டு விட்டிட்டன். அதை இழுத்து ஏத்துற பிளேன்தான் சத்தம். அதுக்குக் கார் இருந்தது.”

அன்றைக்குப் புல்வெளியில் என்ன நடந்தது என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை, சொல்லித்தான் இருக்கிறேன். அம்மா பயிற்றங்காயை விடவில்லை.

“ஊரிலை குண்டு போடப் பொம்மர் வந்தா, நிலத்துக்குள்ளை வெட்டின பங்கருக்கு ஓடவேணும். பங்கர் தூரமெண்டா வாய்க்கால். பிள்ளை கீழை, தாய் மேலை. அப்பிடித்தான் எங்களைப் பழக்கினவை. எனக்கும் ஒருநாள் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறு. அம்மாவோட ரெண்டு நாள் கதைக்கேல்லை நான்.”

அப்பா கைப்பேசியில் இருந்த வெள்ளைச்சியைப் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை யார் கார் ஓட்டுவது என்பதை அவர்கள் எப்போதோ முடிவுசெய்துவிட்டார்கள் போலிருந்தது. நான் ஓம், நானே ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வாய்க்காலுக்குள் குப்புறக் கிடந்தபோது அம்மாவின் நெஞ்சு என் முதுகில் அடித்துக்கொண்டதை எட்டு வயதில் நான் உணர்ந்தேன்தான். இழுத்துக்கொண்டு ஓடிவந்த களைப்பு என்று நினைத்தேன். சேற்றுக்குள் கையை விட்டுச் சட்டையைத் தடவிப் பார்த்ததில் பதினொன்றில் பத்துப் பொத்தான்தான் இருந்தது. நான் அதை நினைத்துத்தான் அழுதுகொண்டு கிடந்தேன்.